நாற்பத்தேழாம் பக்கத்துக் கல்

செப்டம்பர் 24, புதன்

முதலில் கண்ணில் பட்டது புல்தான். படத்தில் அது மேலிருந்து கீழ்நோக்கி வளர்ந்திருந்தது.

படம் ஒரு கல்லின் படம். குமிழங்கோட்டைக் கண்மாயில் மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கில் நிற்கும் கல். அதில் பழைய எழுத்துகள் நாலு வரி. எழுத்து நேராக இருக்கிறது. புல் மட்டும் வானத்தில் வேர்விட்டு மண்ணைப் பார்த்துத் தொங்குகிறது. நாகநாதன் சார் பென் டிரைவை நீட்டி, "இந்தப் படம் முழுப் பக்கத்துல வரணும் பாப்பா. வரலாற்றையே புரட்டிப் போடப்போற படம்" என்றார். புரட்டித்தான் போட்டிருக்கிறார். அவருக்குப் புல் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. நான் எதையும் சொல்கிற ஆள் இல்லை.

சார் எங்கள் மாவட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதுகிறார். தலைப்பு: 'எழில்கொஞ்சும் இராமநாதபுரம்: வரலாறும் புவியியலும்'. மைமூன் அக்காவின் ஜெராக்ஸ் கடையில் நான்தான் அதை டைப் அடிக்கிறேன். அவர் கையெழுத்துப் பிரதியை ஒரு சிவப்புப் பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவருகிறார். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "என்னா சார், பத்திரிகை வைக்க வந்தீகளோன்னு நெனச்சேன்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

பிழை விழுந்த தாள்களின் பின்பக்கத்தை அக்கா எனக்குக் கொடுத்துவிடுவார். மன்னர்களின் முதுகில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

இன்று பதினெட்டுப் பக்கம். ஒன்பது மன்னர்கள். எல்லாருமே தரும சிந்தை உடையவர்கள். ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை.

'வரலாற்றின் பொன்னேடுகளில்' என்பது இதுவரை முப்பத்தொரு முறை. அதை ஒரே பொத்தானில் வருகிற மாதிரி செய்து வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அப்பா விதைத்துவிட்டார். மழைக்கு முன்னால், காய்ந்த புழுதியில் விதைப்பது. எங்கள் ஊர் காரையேந்தலில் அப்படித்தான். மழை பெய்தால் முளைக்கும். முளைத்தது பிழைக்க வேண்டுமென்றால் கண்மாயில் தண்ணீர் வேண்டும்.

எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் குமிழங்கோட்டைக் கண்மாயிலிருந்து வர வேண்டும். அது மேலே இருக்கிறது, நாங்கள் கீழே. அது நிறைந்தால் கலுங்கு வழியாக மிச்சத் தண்ணீர் எங்களுக்கு இறங்கும். கலுங்கில் வரிசையாகக் கல்தூண்கள். தூண்களுக்கு இடையே பலகை செருகிக் களிமண் அப்பித் தண்ணீரை நிறுத்துவார்கள். நடுவில் நிற்கும் பெரிய கல்லில் குறுக்கே ஒரு கோடு வெட்டியிருக்கிறது. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால் பலகையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் தேக்கக் கூடாது. இது இரண்டு ஊருக்கும் சட்டம். வருசா வருசம் தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை நடக்கும். குமிழங்கோட்டை பிரசிடெண்ட் ஒரே வாக்கியம்தான் பேசுவார். "கோடு நனையட்டும், தொறந்துவிடுறோம்." எங்கள் ஊர்க்காரர்களும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். கல் சொல்லிவிட்டால் மறுபேச்சு இல்லை.

கோடு நனைவதே எப்போதாவதுதான். இந்த மூன்று வருசமாக ஒரு தடவைகூட நனையவில்லை. அங்கே அவர்கள் கண்மாயில் பிள்ளைகள் நீச்சல் அடிக்கின்றன. இங்கே எங்கள் கண்மாயில் கிரிக்கெட் விளையாடுகின்றன.

ராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போது அப்பா சொன்னார்: "இந்த வருசமும் காஞ்சுபோச்சுன்னா திருப்பூருக்குப் போயிருவோம். ஒன் மாமன் கம்பெனியில மூணு பேருக்கும் வேலை இருக்காம்."

அம்மா சோற்றைப் போட்டாள். சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரி மூட்டம் போட்டு அப்பாவின் விரல்கள் கறுத்துப்போயிருக்கின்றன. சோறு வெள்ளையாக இருந்தது.

அக்டோபர் 3, வெள்ளி

இன்று புவியியல் வந்தது. நூற்றிருபது பக்கம் வரலாறு முடிந்து, புவியியல் ஒன்றரைப் பக்கம்.

'இம்மாவட்டம் ஒரு வறண்ட மாவட்டம் ஆகும். இதன் கிழக்கிலும் தெற்கிலும் கடல் உள்ளது. மக்கள் கடின உழைப்பாளிகள் ஆவர். இங்கு வைகை, குண்டாறு ஆகிய ஆறுகள் பாய்கின்றன. குண்டு மிளகாய் புகழ் பெற்றது.'

அவ்வளவுதான். இந்த மாவட்டத்தில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று ஒரு வரி இல்லை. கண்மாய் என்ற சொல்லே இல்லை. அது மன்னர் பகுதியில் மட்டும் வருகிறது, மன்னர் வெட்டியதாக. வெட்டியவர் மண்வெட்டி பிடித்தாரா என்று கேட்க ஆள் இல்லை.

இவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் எடுத்தவர். அவருக்கு என்னை நினைவில்லை. நல்லதுதான். ஒன்பதாம் வகுப்பில் எங்களோடு ஒரு பெண் படித்தாள். வைகைத் தண்ணீர் எங்கே போகிறது என்று சார் கேட்டார். எல்லாரும் கடல் என்றார்கள். அவள் மட்டும் எழுந்து, "கண்மாய்க்குப் போகும் சார். அது நெறஞ்சு அடுத்த கண்மாய்க்குப் போகும்" என்றாள். அது சரியான பதில். வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயில்தான் போய் அடங்குகிறது. அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "ஆறு கடலுக்குப் போகும். எருமைதான் கண்மாய்க்குப் போகும்" என்றார். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயர் கண்மாய். "ஏ கண்மாய், எந்திரி." "கண்மாய், வாசி." "கண்மாய் வறண்டுபோச்சா, சத்தமே வரலையே?" அவளுக்கு வாசிக்க வராமல் போனது.

அந்தப் பெண் பிறகு வரவில்லை.

நான் பள்ளிக்கூடத்தை விட்டது வேறு காரணம். எங்கள் ஊருக்கு வந்த ஏழு மணி பஸ் நின்றுபோனது.

அக்டோபர் 8, புதன்

வாழ்த்துரை மட்டும் பதினான்கு. நகைக்கடைக்காரர், பல் டாக்டர், கேட்டரிங் வைத்திருப்பவர், எல்லாரும் மாவட்டத்தை வாழ்த்துகிறார்கள். குமிழங்கோட்டை பிரசிடெண்டுக்குக் கலரில் முழுப் பக்கம். கூலிங் கிளாஸ் போட்டுக் கல்லின் பக்கத்தில் நிற்கிறார், ஏதோ அவரே பெற்றது மாதிரி.

நாற்பத்தேழாம் பக்கத்துப் படத்துக்கு அடியில் போட சார் எழுதிக் கொடுத்தது: 'குமிழங்கோட்டைக் கலுங்குக் கல். கோடையில் தூர் வாரியபோது வெளிப்பட்ட கல்வெட்டை முதன்முதலில் கண்டறிந்தவர் வரலாற்றுச் செம்மல் அ. நாகநாதன்.'

கண்டறிந்தவர்! தூர் வாரியது நூறு நாள் வேலைக்காரர்கள். அம்மாவும் போயிருந்தாள். ராத்திரி கேட்டேன்.

"ஆமா, சேத்த அள்ளுனோம், கல்லுக்கு அடியில எழுத்து மாதிரி இருந்துச்சு. கோழி கெளறுன மாதிரி. நாங்க அதுமேல தூக்குச்சட்டியச் சாத்தி வச்சுட்டுக் கஞ்சி குடிச்சோம்."

"கல்லுக்கு அடியிலயா? மேலயில்லையா?"

"அடியிலதான்டி. மேல இருந்தா இம்புட்டு வருசம் பாத்திருக்க மாட்டாகளா?"

யாராவது எழுத்தைக் கல்லின் காலடியில் வெட்டுவார்களா?

அக்டோபர் 9, வியாழன்

கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் படத்தைத் திறந்து திருப்பினேன். புல் நேரானது. எழுத்து தலைகீழானது.

அப்படியென்றால் படத்தில் பிழை இல்லை. சார் எழுத்தை வாசிப்பதற்காகப் படத்தைத் திருப்பியிருக்கிறார். கல்லே தலைகீழாகத்தான் நிற்கிறது.

படத்தை மறுபடி எழுத்து நேராக வரும்படி வைத்தேன். இப்போது கோட்டைப் பார்த்தேன். எழுத்துக்குக் கீழே, கல்லின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருக்கிறது. இதுதான் கல் நிற்க வேண்டிய நிலை. திருப்பினேன். கோடு மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்குப் போய்விட்டது.

மூன்று தடவை திருப்பிப் பார்த்தேன். அக்கா, "என்னா புள்ள, தோசையா சுடுற?" என்றார்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆடு பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குமிழங்கோட்டைக் கலுங்குக்கு நடந்தேன். எங்களுக்கு ஆடு இல்லை. அம்மா கேட்கவில்லை.

கல் நிற்கிறது. உச்சியில் கற்பூரம் கொளுத்திய கரி. கழுத்தில் போன வருசத்து மாலை நார். எழுத்து கீழே, தலைகீழாக, வண்டல் ஒட்டிக்கொண்டு. பக்கத்தில் நின்று அளந்தேன். கல் என் நெற்றி உயரம். கோடு என் நெஞ்சுக்கு வருகிறது. கல் ஒழுங்காக நின்றால் அது என் முழங்காலுக்கு நாலு விரல் மேலே இருக்கும்.

முழங்காலளவில் திறக்க வேண்டிய தண்ணீரை நெஞ்சளவு வரை தேக்கியிருக்கிறார்கள். நாங்களும் போய் அதற்குக் கற்பூரம் காட்டிவிட்டு வந்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். ஒரு சோப்பை எடுத்து அதில் ஆணியால் கோடு கிழித்து, நிமிர்த்தியும் கவிழ்த்தும் காட்டினேன். இவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியது இல்லை. அவர் சோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரும் கேட்டா சொல்லாத ஆத்தா" என்றார்.

"ஏம்ப்பா?"

"அந்தக் கல்ல நட்டது நான்."

எனக்குப் புரியவில்லை.

"எனக்குப் பதினெட்டு வயசு. பெருவெள்ளத்துல கலுங்கு பேந்துபோச்சு. ரெண்டு ஊர்லயும் ரெவ்வெண்டு பேரு எறங்கி அந்தக் கல்ல நிறுத்தணும்னாக. காரையேந்தலுக்கு நானும் எங்க சித்தப்பாவும். ஒரே சேறு. கல்லு தெரியல, எழுத்து தெரியல. தெரிஞ்சாலும் எங்க நாலு பேருல ஆருக்குப் படிக்கத் தெரியும்? கோடு மட்டும் கைக்குத் தட்டுப்பட்டுச்சு. கோடு இருக்குடா, நட்டுருங்கடான்னு நட்டோம். வெள்ளத்துல கரையும் தரையும் மாறிப்போனதுல பழைய ஒசரம் ஆருக்கும் பிடிபடல. மத்த மூணு பேரும் செத்துப்போனாக."

பிறகு சோப்பைத் தண்ணீரில் போட்டுவிட்டார்.

"முப்பது வருசம் நம்ம ஊரக் காயப்போட்டது நாந்தான்னு தெரிஞ்சா, திருப்பூருக்குப் போறதுக்குப் பஸ்ஸு ஏற விடுவாகளா?"

படிக்காத நாலு பேர் சேற்றில் நின்று செய்த பிழை இது. படித்த ஒருவர் கரையில் நின்று, எழுத்து தலைகீழாக இருப்பதைக் கண்ணால் பார்த்து, போட்டோவும் எடுத்து, மன்னர் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். எது பெரிய பிழை என்று அப்பாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

நட்டது யார் என்பதைச் சொல்லாமல், கல் தலைகீழாக நிற்கிறது என்று புத்தகத்தில் ஒரு வரி வந்துவிட்டால் போதும். புத்தகத்தைத் தாசில்தார் வெளியிடப்போகிறார். அவர் படிப்பார். அச்சில் வந்ததை ஆபீசில் நம்புவார்கள்.

வாயால் சொன்னால் எனக்குத் திக்கும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். 'சார், கல் தலைகீழாக நிற்கிறது. நிமிர்த்தினால் கோடு கீழே வரும். காரையேந்தலுக்குத் தண்ணீர் கிடைக்கும். இதைப் படத்துக்கு அடியில் சேர்க்கலாமா?' சார் மூக்குக்கண்ணாடியை மாற்றினார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். இரண்டு இடத்தில் சுழித்தார். ஒற்றுப்பிழையாம். தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கல்லு தலைகீழா நிக்குதுன்னு எனக்குத் தெரியாதா பாப்பா? அதனாலதானே படத்தைத் திருப்பிக் கொடுத்தேன்?"

"கோடு..."

"கல்வெட்டுன்னா எழுத்து. கோடு கொத்தன் கிழிச்சது. வாய்க்கா வரப்புச் சண்டையெல்லாம் வரலாற்றுல சேராது. நீ எத்தனாவது படிச்சிருக்க?"

"ஒம்பது."

"அதான். டைப் அடிக்கிறது ஒன் வேலை. அதச் சரியாச் செய்."

அவர் போன பிறகு மைமூன் அக்கா தாளை வாங்கிப் படித்தார். "இந்த மனுசன் தீப்பிடிச்ச வீட்டுல போயி வாசக்கால் எந்த மன்னர் காலம்னு பாப்பாரு" என்றார்.

அக்டோபர் 17, வெள்ளி

கடைசிப் பிரதி மதுரை அச்சகத்துக்குப் போயிற்று. சார் பக்கத்தில் உட்கார்ந்து தன் படங்களை மட்டும் சரிபார்த்தார். மொத்தம் இருபத்திரண்டு இடத்தில் இருக்கிறார். பிறகு தீபாவளிக்குத் துணி எடுக்கப் போய்விட்டார்.

அனுப்புவதற்கு முன் நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு வேலை இருந்தது. டைப் அடிக்கிறவளின் வேலைதான். சரியாகச் செய்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அம்மா பணியாரம் சுட்டாள். மழை இல்லை. திருப்பூரிலிருந்து மாமா வந்திருந்தார். கம்பெனியில் ஹாஸ்டல், சாப்பாடு, பன்னிரண்டு மணி நேரம் என்றார்.

"பேசாமத் தைக்கிற புள்ளையத்தான் அங்க தேடுறாங்க. ஒன் மகளுக்குன்னே செஞ்ச வேலை மச்சான்" என்றார்.

அம்மா பணியாரச் சட்டியைத் திருப்பிக்கொண்டே, "அவ பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கலாம்" என்றாள்.

"பஸ்ஸு நின்னுபோச்சுல்ல" என்றேன்.

"பஸ்ஸு இன்னைக்கு வரைக்கும் ஓடிக்கிட்டுத்தானடி இருக்கு" என்றாள். பணியாரம் ஒரு பக்கம் கருகிவிட்டது.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை. மூன்று நாளாக. பயிர் முளைத்து ஊசி ஊசியாக நிற்கிறது.

நவம்பர் 5, புதன்

மழை விட்டுவிட்டது. வெயில் ஏப்ரல் மாதம் மாதிரி அடிக்கிறது. அப்பா குமிழங்கோட்டைக் கலுங்குக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"தொடையளவு நிக்குது. கோட்டுக்கு இன்னும் ஒரு முழம் வேணும். அதுக்கு வானம் ரெண்டாப் பொளக்கணும்."

பயிர் இன்னும் பத்து நாள் தாங்கும் என்றார். மாமாவுக்குப் போன் போட்டார்.

நவம்பர் 7, வெள்ளி

புத்தகக் கட்டுகள் வந்துவிட்டன. ஐந்நூறு. வெளியீட்டு விழா முடியும்வரை பிரிக்கக் கூடாது என்று சார் கட்டுகளின் மேல் மஞ்சள் தடவிப் போனார். நல்ல ஏற்பாடு. அவரே பார்க்கவில்லை.

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. வேறு ஒன்றும் இல்லை, வெயில்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

விழா. இதை முழுதாக எழுதிவிட வேண்டும்.

கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. மாவட்டத்தின் மேல் இத்தனை பேருக்குப் பாசமா என்று பார்த்தால், சமையல்கட்டிலிருந்து நெய் வாசம் வந்தது. முன்வரிசையில் பதினான்கு வாழ்த்துரைகளும் உட்கார்ந்திருந்தன. குமிழங்கோட்டை பிரசிடெண்ட் நாலைந்து பேரோடு வந்திருந்தார். எங்கள் ஊரிலிருந்தும் ஏழெட்டுப் பேர், சாப்பாட்டுக்கு. பின்னால் தூணை ஒட்டி அப்பா. நானும் மைமூன் அக்காவும் புத்தகக் கட்டுகளோடு வாசல் பக்கம்.

தாசில்தார் அம்மா புத்தகத்தை வெளியிட்டார். கைதட்டல். சார் மைக்கைப் பிடித்தார். "அனைவரும் நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறக்க வேண்டுகிறேன். வரலாற்றின் பொன்னேடுகளில்..."

திறந்தார்கள். முதலில் யாரோ புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு வரிசையாக எல்லாரும் திருப்பினார்கள். பல் டாக்டர் புத்தகத்தை விட்டுவிட்டுத் தலையைச் சாய்த்தார்.

"சார், எழுத்து குப்புற விழுந்து கெடக்கே!"

"சிரசாசனம் சார் அது!"

மண்டபம் சிரித்தது. சார் தன் பிரதியைப் பார்த்தார். முகம் கறுத்தது. மேடையிலிருந்தே வாசலை நோக்கிக் கையை நீட்டினார்.

"அந்தப் பிள்ளை! பள்ளிக்கூடத்தையே முடிக்காதவ. அவகிட்டக் கொடுத்தது என் தப்பு."

எல்லாத் தலையும் திரும்பியது. அக்கா என் முதுகில் கை வைத்தார்.

தாசில்தார் அம்மா மைக் இல்லாமலே கேட்டார். "ஏம்மா, நீ மாத்திட்டியா?"

என்னால் தலையை அசைக்க முடிந்தது, அவ்வளவுதான். அதற்குள் சார் முந்திக்கொண்டார். தன்மேல் பிழை இல்லை என்று நிறுவாவிட்டால் அவருக்கு உயிர் போய்விடும்.

"மேடம், நான் எடுத்த படத்துல தப்பே கிடையாது. அந்தக் கல்லுதான் கலுங்குல தலைகீழா நிக்குது. அதை நேராத் திருப்பிக் கொடுத்தேன். இவ மறுபடி கல்லு நிக்கிற மாதிரியே போட்டுட்டா!"

சிரிப்பு நின்றது. பிரசிடெண்ட் மட்டும் எழுந்து மேடையோரம் போய்ச் சாரின் வேட்டி ஓரத்தைப் பிடித்து இழுத்தார். "சார், உக்காருங்க சார்."

"ஏன் உக்காரணும்? நான் நேர்ல போய்ப் பாத்தவன்! கல்லு தலைகீழாதான் நிக்குது! நூறு பேருக்கு முன்னால சொல்லுவேன்!"

"சார், வாய மூடிட்டு உக்காருங்கன்னேன்!"

பின்னாலிருந்து எங்கள் ஊர் ஆண்டியப்பன் சித்தப்பா எழுந்தார். கையில் இலைக்கு டோக்கன். "அப்ப அந்தக் கோடு?"

தாசில்தார் அம்மா புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணை இங்க வரச் சொல்லுங்க" என்றார்.

நடந்தேன். அவ்வளவு நீளமான மண்டபத்தை நான் பார்த்ததில்லை. மேடைக்கு ஏறியபோது சார் என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். முதல்முறையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"ஏய்... நீ கண்மாய்தானே?"

"ஆமா சார்" என்றேன். திக்கவில்லை.

தாசில்தார் அம்மாவிடம் புத்தகத்தை நேராகக் காட்டி, "கல்லு இப்ப இப்படி நிக்குது. கோடு நெஞ்சுக்கு இருக்கு" என்றேன். புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினேன். "இப்படி நிக்கணும். கோடு இங்க இருக்கணும்." குனிந்து என் முழங்காலுக்கு மேலே தொட்டுக் காட்டினேன்.

"யாரு இப்படி நட்டது?" என்று கேட்டார் அவர்.

புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அட்டையிலும் சார்தான் இருந்தார்.

பின்னால் தூணருகில் துண்டை உதறுகிற சத்தம்.

"நாந்தாங்கம்மா" என்றார் அப்பா. "பேரு சாத்தையா. காரையேந்தல். அந்தப் புள்ளைக்கு அப்பன்."

நவம்பர் 10, திங்கள்

ஊரில் யாரும் அப்பாவிடம் பேசவில்லை. டீக்கடையில் டம்ளரை அவருக்கு எட்டாத தூரத்தில் வைத்தார்களாம். அம்மா இதைச் சொல்லும்போது அழவில்லை, மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

சார் கடைக்கு வந்து நாற்பத்தேழாம் பக்கத்தை எல்லாப் பிரதியிலும் கிழிக்கச் சொன்னார். மைமூன் அக்கா, "ஒம்போதாவது படிச்ச புள்ளைக்கு எண்ணத் தெரியாது சார், நாப்பத்தாறையும் சேத்துக் கிழிச்சுரும். அதுல நீங்க இருக்கீக" என்றார். சார் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 11, செவ்வாய்

காலையில் கலுங்குக்குத் தாசில்தார் அம்மா வந்தார். கூடவே சர்வேயர், வி.ஏ.ஓ., இரண்டு போலீஸ். கரையில் இரண்டு ஊரும் எதிர் எதிராக நின்றன. தண்ணீர் நிற்கும்போது கல்லைப் பெயர்க்க முடியாது என்றார்கள். அதனால் உச்சியிலிருந்து கோடு வரை டேப்பால் அளந்து, அதே அளவை அடியிலிருந்து மேலே அளந்து, அந்த இடத்துக்கு நேராகக் கரைத் தூணில் அளவு எழுதிச் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுக்கச் சொன்னார் தாசில்தார் அம்மா. பெயிண்டை இழுக்க முடியவில்லை. அந்த இடம் தண்ணீருக்கு அடியில் இருந்தது.

"அப்ப கோடு நனைஞ்சு எத்தனையோ நாளாச்சு" என்றார் அவர். "பலகையை எடுங்க."

பிரசிடெண்ட் கையைக் கட்டிக்கொண்டார். "எங்க ஊரு ஆளு எறங்க மாட்டான். கல்லத் தலைகீழா நட்டவன் காரையேந்தல்காரன். நட்டவனே வந்து புடுங்கட்டும்."

அவர் ஆட்கள் சிரித்தார்கள். "சாத்தையா, வாய்யா, ஒன் கைவேலையப் பாரு!"

எங்கள் ஊர்க்காரர்களும் இறங்கவில்லை. அவர்களும் அப்பாவைத்தான் பார்த்தார்கள். ஆண்டியப்பன் சித்தப்பா மறுபக்கம் திரும்பிக் காறித் துப்பினார். முப்பது வருசம் காய்ந்தவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் காயத் தயாராக இருந்தார்கள், ஒருவரைத் தங்களுக்குக் கீழே வைத்துப் பார்ப்பதற்காக. அப்பா தலையைக் குனிந்து தன் கறுத்த விரல்களைப் பிசைந்துகொண்டு நின்றார்.

பலகைக்கு அந்தப் பக்கம் தண்ணீர், இந்தப் பக்கம் எங்கள் வாய்க்கால், அதில் காய்ந்த ஆமணக்குச் செடி.

பெண்கள் கலுங்கில் இறங்கும் வழக்கம் இல்லை. யாரோ, "ஏ புள்ள, எங்க போற?" என்றார்கள்.

செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்தேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். இறங்கி, களிமண்ணை நகத்தால் பிறாண்டி எடுத்துவிட்டு, முதல் பலகையைப் பிடித்து இழுத்தேன்.